தடை நீங்கும் வேளை

எங்கள் பாடசாலையில் மின்சார மணி ஒன்று இருக்கிறது. ஆனாலும் அதிபர் அறைக்கு வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டைத்தான் நாங்கள் இன்றைக்கும் நம்புகிறோம். மின்சாரம் போனாலும் அது போகாது. கடைசிப் பாடவேளை முடிந்து அதில் அடி விழுந்ததும் பிள்ளைகள் வகுப்பறை வாசலை நோக்கிப் பாய்வதை இருபது வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒற்றைக் கதவு வாசல். பிள்ளைகள் 34 பேர். ஆசிரியனாக வந்த முதல் வருடத்தில் ஒரு சிறுவன் அந்த நெரிசலில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். அதன் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். மணி அடித்ததும் நான் புத்தகத்தை மூடி, "முடிந்தது" என்பேன். உடனே யாரும் எழும்பக் கூடாது. மேசையில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். பிறகு வரிசை வரிசையாகப் போகலாம். போக மனமில்லாமல் ஒரு கணக்கை முடித்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் எப்போதாவது இருக்கும். அதையும் யாரும் துரத்துவதில்லை.

இதை வெறும் ஒழுங்குமுறை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். போன வருடம் ஓர் இரவு என் மடிக்கணினி தானாகத் திறந்துகொண்ட பிறகுதான் இதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

அந்த மடிக்கணினி என் வீட்டுக்கு வந்தது கொரோனாக் காலத்தில். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். பாடங்களைத் தொலைபேசியில் அனுப்பச் சொன்னார்கள். பல்லேபொலப் பக்கத்தில் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் எங்கள் ஊரில், சமிக்ஞை கிடைக்கும் இடம் பார்த்துப் பிள்ளைகள் பாறையில் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட காலம் அது. மாத்தளையில் பழைய கணினி விற்கும் ஒருவரிடம் தவணை முறையில் வாங்கினேன். நோய் போனது, பாடசாலை திறந்தது, கணினி மட்டும் மேசையில் தங்கிவிட்டது. அதோடு பேஸ்புக்கும் தங்கிவிட்டது.

ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தச் சஞ்சிகைக்கு ஒரு சிறுகதை தருவதாக ஆசிரியரிடம் வாக்களித்து மூன்று இதழ்கள் கடந்துவிட்டன. கதை எழுத உட்காருவேன். ஒரு சொல்லுக்காக யோசிக்கும் இடைவெளியில் விரல் தானாகப் போய் அந்த நீலப் பக்கத்தைத் திறந்துவிடும். அங்கே யாரோ ஒருவருடைய நூல் வெளியீடு, அதற்குக் கீழே ஒரு சண்டை, அந்தச் சண்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர், அவருக்கு நான் ஒரு பதில். திரும்பிப் பார்க்கும்போது தேநீரில் ஆடை படிந்திருக்கும்.

மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள். ஒரு நாள் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்து சொன்னாள்.

"வாப்பா, இதுக்கு ஒரு பூட்டு ஈக்கி. போட்டுத் தரவா?"

இணைய உலாவியில் ஒட்டிக்கொள்ளும் சிறிய நிரல்தான் அந்தப் பூட்டு. எந்தத் தளம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தத் தளத்துக்குப் போனால், அதன் இடத்தில் தன்னுடைய பக்கம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும். போக நினைத்த முகவரியைத் தன்னுள்ளே நினைவில் வைத்துக்கொள்ளும். இதில் பல வகை இருக்கிறதாம். பயர்பொக்ஸ் உலாவிக்கு வந்த லீச்புளொக், குரோம் உலாவிக்கு வந்த ஸ்டேஃபோகஸ்ட் என்று மகள் பெயர்களை அடுக்கினாள். ஸ்டேஃபோகஸ்ட் நாளொன்றுக்கு 10 நிமிடம் என்று படியளக்கும். வேண்டுமானால் நாம் அதைக் கூட்டிக் குறைக்கலாம். மெக் கணினிகளுக்கு 2009 இல் வந்த செல்ப்கொன்ட்ரோல் என்ற ஒன்று மகா கண்டிப்பானது. ஒரு முறை நேரம் குறித்துவிட்டால் கணினியை அணைத்துப் போட்டாலும், அந்த நிரலையே அழித்தாலும், குறித்த நேரம் முடியும்வரை விடாது. எனக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்றேன். இஷாவுக்குப் பிறகு 8 மணியிலிருந்து 10 மணிவரை பூட்டு என்று முடிவாயிற்று.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனது. விரல் பழக்க தோஷத்தில் போய் முட்டும். சாம்பல் நிறப் பக்கம் ஒன்று வரும். எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒரு வரி இருக்கும். திட்டாது, புத்தி சொல்லாது. நான் வெட்கத்தோடு திரும்பி வந்து வேலையைப் பார்ப்பேன்.

மூன்றாம் தவணை விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்த ஓர் இரவு. எட்டேகால் மணிக்கு ஒரு முறை முட்டிவிட்டு, அந்தச் சாம்பல் பக்கத்தை மூடாமலே விட்டிருந்தேன். சரியாக 10 மணிக்கு, நான் தொடாமலே, பக்கம் மாறியது. மேலே நின்ற காணொளி ஒன்று முழுச் சத்தத்தில் பேசத் தொடங்கியது. ஓர் அரசியல்வாதியின் மேடைப் பேச்சு. அடுத்த அறையில் உம்மா எழும்பிவிட்டா.

"யாரு மனே இந்த நேரத்துல?"

சத்தத்தை நிறுத்தத்தான் கையை நீட்டினேன். கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பேச்சுக்குக் கீழே ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மணி 12.40. பதினொரு விடைத்தாள்கள் மிச்சம். மூடாத சிவப்புப் பேனா காய்ந்துபோயிருந்தது. அன்று சுபஹு ஜமாஅத்தும் தவறியது.

காலையில் மகளிடம் முறையிட்டேன். பூட்டு வேலை செய்யவில்லை என்றேன். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள், பூட்டு ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, நேரம் முடிந்ததும் தானாகத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு நான், "நேரம் முடிஞ்சாத் தொறக்கத்தானே வேணும்?" என்று அந்த இயந்திரத்துக்காகவே வாதாடினேன். அவள் சிரித்தாள்.

"பூட்டச் செல்லி நீங்க செல்லின வாப்பா. தொறக்கச் செல்லி ஆரு செல்லின?"

அந்தக் கேள்வி என்னை ஏழு வருடங்களுக்கு மேல் பின்னால் கொண்டுபோய் விட்டது.

*

2018 மார்ச் மாதம் எங்களில் யாருக்கும் மறக்காது. பெப்ரவரியில் தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் மரணமானார். 5 ஆம் திகதி திகனை எரிந்தது. எரிந்த வீடொன்றினுள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம். 7 ஆம் திகதி அக்குறணைப் பக்கமும் தாக்கப்பட்டது. அக்குறணை என்பது எங்களுக்கு வேறு ஊரல்ல. கண்டியிலிருந்து மாத்தளைக்கு வரும் வீதியில் இருக்கிறது; எங்கள் வீடுகளில் பாதிப் பேருக்கு அங்கே சம்பந்தம் இருக்கிறது. சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் எங்கள் பிரதேசத்தில் அந்த நாட்களில் இரவில் விளக்கேற்றுவதற்கே யோசித்தோம்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஆசிரியர். இரண்டாம் மொழிப் பயிற்சி வகுப்பொன்றில் பழக்கமானவர். பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை 'அய்யே' என்பேன், அவர் என்னை 'மல்லி' என்பார். எனக்குச் சிங்களம் எழுதச் சொல்லித் தந்தவர் அவர்தான். அவருக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அவர் ழகரத்தோடு போராடியதைவிட நான் சிங்களத்தின் இரண்டு ணகரங்களோடு போராடியதுதான் அதிகம். காதுக்கு ஒன்றுதான், எழுத்தில் இரண்டு. எங்கே எது வரும் என்பது மனப்பாடம்.

6 ஆம் திகதி இரவு, ஆசிரியர்கள் சேர்ந்திருந்த குழுவொன்றில் அவர் ஒரு செய்தியை முன்னனுப்பியிருந்தார். இறந்த சாரதியின் இறுதிச் சடங்கு பற்றியது. இன்று நினைத்துப் பார்த்தால் அது ஒரு மரணச் செய்தி, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அன்று எனக்கு அப்படித் தெரியவில்லை. திகனையின் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களோடு அதைப் பார்த்தேன். தூக்கமில்லை. மறுநாள், புதன்கிழமை, அவருக்குத் தனியாக ஒரு நீண்ட செய்தி எழுதினேன். சிங்களத்தில். "உங்கள் ஆட்கள்" என்று தொடங்கியது அது. எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அனுப்பு பொத்தானை அழுத்தினேன். செய்தி போகவில்லை. அருகே ஒரு சின்னக் கடிகாரக் குறி மட்டும் நின்றது. அன்றுதான் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம். சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. போகவில்லை, முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது முடியவில்லை, காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆவுக்குப் போவதா வேண்டாமா என்று ஊரே தயங்கிய வெள்ளி அது. வயதானவர்களையும் சிறுவர்களையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். பள்ளிக்குப் போகும் வழியில், எதிரே இருந்த கடையின் வாங்கில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பாடசாலையின் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் கூட இருந்தார்கள். கையில் பத்திரிகை. தொழுகை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோதும் அதே இடத்தில் அதே பத்திரிகையோடு இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதற்காக வந்தேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் செய்தியை நான் அடியோடு மறந்துபோனேன்.

அடுத்த வாரம் முடக்கத்தை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். 15 ஆம் திகதி பேஸ்புக்கும் திறந்ததோடு அது முடிவுக்கு வந்தது. நான் பாவித்த செயலி திறந்தது நள்ளிரவில். ஒரு வாரமாக எங்கெங்கோ தேங்கி நின்ற செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டின. தலையணைக்குக் கீழே தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. வருவதைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். போவதைப் பற்றி நினைவில்லை. காலையில் எடுத்துப் பார்த்தபோது அந்தக் கடிகாரக் குறி இல்லை. அவர் வாசித்துவிட்டதற்கான அடையாளம் இருந்தது. அனுப்பியதை அழிக்கும் வசதிக்கு ஒரு கால எல்லை உண்டு. அது நான் தூங்கும்போதே கடந்துவிட்டது.

பாடசாலை விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மிளகு காயப்போட்டிருந்தார். "தே பொமு" என்றார், தேநீர் குடிப்போம் என்று. நான் குடிக்காமல் விளக்கம் சொன்னேன். அது போன புதன்கிழமை எழுதியது, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எழுதியது, நான் அனுப்பவில்லை, தானாகப் போய்விட்டது என்று. அவருடைய தொலைபேசியில் அது அன்று அதிகாலை வந்ததாகவே காட்டியது. பள்ளிவாசலுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் எழுதிய நன்றிக் கடிதம் போல அது அங்கே கிடந்தது.

அவர் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "எழுதினது நீங்கதானே மல்லி?"

ஆம். எழுதியது நான்தான். இயந்திரத்தின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. அது சொன்ன வேலையைச் செய்தது. கதவு திறந்ததும் கொடுத்த கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் எழுதியவனுக்கும் சேர்த்தவனுக்கும் இடையில் எட்டு நாட்கள் இருந்தன. அந்த எட்டு நாட்களில் நான் மாறியிருந்தேன். அது மாறவில்லை. கதவு திறந்தபோது, "இன்னும் அனுப்பவா?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும்.

*

மகளின் கேள்விக்குப் பிறகு எனக்கு இன்னொரு பழைய வகுப்பறையும் நினைவுக்கு வந்தது. அட்டாளைச்சேனை கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெற்ற காலம். மலைநாட்டிலிருந்து போன எனக்கு அந்தக் கடற்கரை வெயில் பிடிக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாடங்களில் பாதி கேட்கவில்லை. ஆனால் மௌலவியான ஒரு விரிவுரையாளர் சட்ட மூலக் கலையிலிருந்து சொன்ன ஒரு விதி மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. 'அல் அம்ரு பஃதல் ஹழ்ர்', தடைக்குப் பின் வரும் கட்டளை.

அவர் சொன்ன உதாரணங்கள் இரண்டு. இஹ்ராம் அணிந்தவருக்கு வேட்டை தடை. இஹ்ராமிலிருந்து விடுபட்டால் வேட்டையாடுங்கள் என்ற கருத்தில் சூரா மாஇதாவில் வருகிறது. அப்படியானால் ஹஜ்ஜை முடித்த ஒவ்வொருவரும் அம்பும் வில்லும் எடுத்துக்கொண்டு மானைத் தேடி ஓட வேண்டுமா? ஜும்ஆவின் அழைப்புக் கேட்டால் வியாபாரத்தை விட வேண்டும். தொழுகை முடிந்தால் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடலாம் என்று சூரா ஜும்ஆவில் வருகிறது. தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பவன் பாவியா? வகுப்பு சிரித்தது. சொல் கட்டளையின் வடிவத்தில் இருந்தாலும், தடைக்குப் பிறகு வருவதால் அது அனுமதியையே குறிக்கும் என்பது சட்ட அறிஞர்கள் பலருடைய முடிவு என்றார். வேறு சிலர், தடைக்கு முன்னால் அந்தக் காரியம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கே திரும்பும் என்பார்கள் என்றும் சொன்னார்.

இருபது வருடத்துக்குப் பிறகு, ஒரு மடிக்கணினிக்கு முன்னால் எனக்கு அந்தப் பாடம் விளங்கியது. பூட்டின் நேரம் முடிவது அனுமதி. அதை அந்த நிரல் கட்டளையாக எடுத்துக்கொண்டுவிட்டது. 10 மணிக்கு 'நீ போகலாம்' என்று சொல்ல வேண்டியது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே உட்கார வைத்துவிட்டது.

நோன்பு திறப்பதையும் யோசித்துப் பார்த்தேன். நேரம் வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. விரைந்து திறப்பதே சுன்னத். இதில் எனக்கு ஒரு பெரிய நீதி தெரிகிறது. தடைக்கு ஒரு முடிவு சொல்லப்பட்டிருந்தால், அந்த முடிவு ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது. 'இன்னும் கொஞ்சம் பொறுத்தால் உனக்கு நல்லதுதானே' என்று நேரம் முடிந்தும் திறக்காத பூட்டு வாக்கு மீறுகிற பூட்டு. அடுத்த நாள் யாரும் அதை நம்ப மாட்டார்கள், பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஆனால் நபிகளார் எப்படித் திறந்தார்கள்? சில பேரீச்சம்பழங்கள், இல்லாவிட்டால் சில மிடறு தண்ணீர். பிறகு மஃரிப் தொழுகை. நேரம் வந்ததை ஏற்றுக்கொள்வதற்கும் வயிறு நிறையச் சாப்பிடுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. நாங்கள்தான் பாங்கு முடியுமுன் கஞ்சிக் கோப்பையோடு ரோல்ஸையும் சமோசாவையும் சேர்த்து அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறோம்.

2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் எங்கள் வீட்டில் இன்னொன்று நடந்தது. ஸ்திரிக்கைப் பெட்டியை மகன் சட்டையின் மேல் நிமிர்த்தாமல் வைத்திருந்த வேளை மின்சாரம் போனது. பிளக்கைக் கழற்ற மறந்து எல்லோரும் வெளியே போய்விட்டோம். மின்சாரம் வந்ததை வீட்டில் இல்லாத எங்களுக்கு யார் சொல்வது? வாசனையை மோந்து பக்கத்து வீட்டுத் தாத்தா ஓடி வந்திராவிட்டால் சட்டையோடு மேசையும் போயிருக்கும். தடைபட்டது மீளும்போது, விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்குவது எப்போதும் சரியல்ல. விட்ட இடத்தில் இப்போது ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

*

நானே போட்ட பூட்டையும் அரசாங்கம் போட்ட பூட்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வித்தியாசம் எனக்குத் தெரியும். 2018 க்குப் பிறகும் எத்தனை முறை பூட்டினார்கள். 2019 ஏப்ரல் 21 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மூடி, 30 ஆம் திகதி திறந்தார்கள். மே மாதம் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் எங்கள் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்ட நாட்களில் மீண்டும் மூடினார்கள். 2022 ஏப்ரல் 3 இல், மக்கள் வீதிக்கு வரப்போகிறார்கள் என்றதும் நள்ளிரவில் மூடி, அன்று பிற்பகலே திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் மூடும்போது ஒரு காரணம் சொன்னார்கள். திறக்கும்போது, மூடியிருந்த நாட்களில் என்ன செய்தோம், எது அடங்கியது, எது அடங்கவில்லை என்ற கணக்கை எங்கள் முன்னால் யாரும் வைக்கவில்லை. பேஸ்புக் நிறுவனமோ 2018 வன்முறைக்குத் தன் தளம் பாவிக்கப்பட்டதற்கு 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டது. எனவே பிறர் போட்ட பூட்டு திறக்கும்போது பூட்டியவர் பதில் சொல்ல வேண்டும். நானே போட்ட பூட்டு திறக்கும்போது கேள்வி என்னிடம் வர வேண்டும். இரண்டிலும் சத்தமில்லாமல் கதவு மட்டும் திறந்துகொள்வது போதாது.

மகளும் நானும் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, ஒரு நல்ல பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பேசினோம். அவள் இதைத் தன் பாடத்துக்கான செயற்றிட்டமாகச் செய்யப் போகிறாளாம். நாங்கள் வந்த முடிவுகளை எழுதுகிறேன். கணினி தெரிந்த இளைஞர்கள் யாராவது வாசித்தால் பயன்படலாம்.

சொன்ன நேரத்துக்குத் திறக்க வேண்டும். முந்தவும் பிந்தவும் கூடாது. கணினியை மூடி வைத்தால் உள்ளே இருக்கும் நேரக் கணக்கும் சில வேளை தூங்கிவிடும். மூடியைத் திறந்ததும் தவறவிட்டதை அவசர அவசரமாகச் செய்யும். அப்போது முதலில் மணியைச் சரிபார்க்க வேண்டும். முடிந்துபோன தடையை நீட்டவும் கூடாது, பாயவும் கூடாது. திறந்தது என்பதை அந்தச் சாம்பல் பக்கத்திலேயே ஒரு வரியில் சொன்னால் போதும். மணியோசை வேண்டாம், வாழ்த்து வேண்டாம், வேறு வேலையில் இருப்பவனைக் கூப்பிட்டுச் சொல்லவும் வேண்டாம். போக நினைத்த முகவரியைப் பத்திரமாக வைத்திருந்து, பக்கத்தில் ஒரு பொத்தானாகக் காட்டலாம். அதை அழுத்துவது மனிதனின் வேலை. பத்துப் பக்கங்கள் காத்திருந்தால் பத்தையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடக் கூடாது. அது என் வகுப்பறை வாசல். பூட்டு விழுந்த நேரத்தில் யாராவது ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அதை அழித்துவிடவும் கூடாது, திறந்ததும் அனுப்பிவிடவும் கூடாது. எழுதிய நாளையும் நேரத்தையும் தலையில் போட்டு, எழுதியவனுக்கே முதலில் வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

கடைசி விதியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஏன் என்று மகள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

என் கணினியில் அவள் அந்தத் தானாகத் திறக்கும் வசதியை அன்றே எடுத்துவிட்டாள். இப்போது 10 மணிக்குப் பக்கம் அப்படியே நிற்கிறது. நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான இரவுகளில் பொத்தானை அழுத்தத்தான் செய்கிறேன். சில இரவுகளில் திருத்திக்கொண்டிருக்கும் தாளை முடித்துவிட்டுப் பார்க்கிறேன். சில இரவுகளில் 10 மணி கடந்தது தெரியாமலே தூங்கப் போய்விடுகிறேன். அந்தச் சிறுகதையும் பாதி வந்திருக்கிறது.

நண்பரோடு ஒரு வருடத்துக்கு மேல் பேச்சு அளவாகத்தான் இருந்தது. வீதியில் கண்டால் சிரிப்பார், நிற்க மாட்டார். 2019 மே 13 இரவு, செயலிகள் எல்லாம் முடங்கியிருந்தபோது, சாதாரண அழைப்பில் என் தொலைபேசி அடித்தது. "மல்லி, வெளியில வராதீங்க. நாங்க சந்தியில இருக்கிறோம்" என்றார். அவர் தமிழில்தான் சொன்னார். ழகரம் இல்லாத வாக்கியங்கள்.

சென்ற வருடம் அவர் ஓய்வு பெற்றார். போய்ப் பார்த்தபோது மகளின் செயற்றிட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். பேச்சு எப்படியோ அந்தச் செய்தியில் வந்து நின்றது. அதை அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, இருக்கிறது என்றார். தொலைபேசியை மாற்றியபோதும் அது கூடவே வந்துவிட்டதாம். எனக்குத் தலை குனிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தேடி எடுத்தார்.

"எட்டு இடத்தில ணகரம் பிழை மல்லி. அன்றைக்கே சொல்ல நினைச்சேன்" என்றார்.

பிறகு உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார். இந்த முறை நான் குடித்தேன்.